நடுவில் வைத்த புத்தகம்

என்ன புத்தகம் படிக்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் அவர்களுடைய கைகளைத்தான் பார்ப்பேன். நகத்துக்குள் அழுக்கு இருக்கிறதா, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, பேசிக்கொண்டே காதைக் குடைகிறார்களா என்று பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி ஒரு புத்தகத்தைச் சொல்வேன். சுத்தமான கைக்கு நல்ல புத்தகம். மற்ற கைகளுக்கு, அந்த மாதம் எது அதிகம் விற்கிறதோ அது. இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் கைகள் சுத்தமாக இருக்கின்றன மேடம், அதனால் சொல்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கம் என்னுடையது. புதிதாக வந்தவற்றிலிருந்து மூன்று புத்தகங்கள். அறிவியலில் ஒன்று, கதையில் ஒன்று, வரலாற்றில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. படிக்க நேரமில்லாதவர்கள் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, புத்தகத்தையே படித்த மாதிரி நாலு பேர் நடுவில் பேசிக்கொள்ளலாம். நேரமிருப்பவர்கள் கடைக்குப் போய் அந்தப் பக்கத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். பல வருடமாக இதைச் செய்கிறேன். நான் சொன்னதை நம்பி வாங்கி ஏமாந்தேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மச்சானைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வருகிறேன்.

என் மனைவியின் அண்ணன் அவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி இறந்த பிறகு, மனசு ஆறும்வரை கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று என் மனைவி கூட்டி வந்தாள். மனசு ஆறிவிட்டது. ஆள் போகவில்லை. மாடியில் என் புத்தக அறைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தோம். சுவர் மெல்லியது. அவர் தொண்டையைச் செருமுவது, காறுவது, காறியதை மறுபடி விழுங்குவது எல்லாம் என் மேசையில் உட்கார்ந்திருந்தே எனக்குக் கேட்கும்.

நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நல்ல மனிதர்களுக்கும் உடம்பு ஒன்று இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் மேசையிலேயே உட்கார்ந்து தீக்குச்சியால் பல் குத்துவார். குத்தி எடுத்ததை ஒரு தடவை பார்ப்பார். பார்த்துவிட்டுத் தட்டு ஓரத்தில் தடவுவார். அப்புறம் சட்டையை மார்புவரை தூக்கிவிட்டு, தொப்பையில் சதையைக் கிள்ளிப் பிடித்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அந்தத் தொப்பையில் பழைய ஊசித் தடங்கள் கன்றிப் போய்க் கரும்பச்சையாக இருக்கும். அதைப் பார்த்தபடி நான் என் தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட வேண்டும். மனைவியிடம் சொன்னேன். “அவருக்கு வேற யாரு இருக்காங்க?” என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவர் படிக்க ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை.

பதிப்பகங்களிலிருந்து மதிப்புரைக்கு வரும் பிரதிகளைத் தபால்காரர் கீழேதான் கொடுப்பார். நான் இறங்கி வருவதற்குள் மச்சான் கட்டைப் பிரித்திருப்பார். காலமெல்லாம் பயணிகளின் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்த பழக்கம், விரலை நாக்கில் வைக்காமல் அவருக்கு ஒரு தாளும் திரும்பாது. நாக்கை முழுசாக வெளியே நீட்டி, கட்டைவிரலை அதில் ஒற்றி, பக்கத்தின் மூலையில் அழுத்துவார். என் கைக்கு வரும்போது ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையும் லேசாகச் சுருங்கி, பழுப்பேறி இருக்கும். அதே இடத்தில்தான் என் விரலும் பட வேண்டும். நான் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு வைத்துக்கொண்டேன். சில பக்கங்களைத் தாண்டிவிடவும் பழகிக்கொண்டேன். ஒரு கட்டத்தில் தாண்டிய பக்கங்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பால்காரரிலிருந்து முடிவெட்டுகிறவர்வரை எல்லாரிடமும் என் பக்கத்தைப் பற்றிப் பேச்சு. நான் எழுதிய வரிகளை அப்படியே சாப்பாட்டு மேசையில் என்னிடமே திருப்பிச் சொல்வார், வாயில் பாதி மென்ற உணவோடு. நாம் எழுதியது இன்னொருவர் வாயிலிருந்து எச்சிலோடு திரும்பி வரும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

போன வருடம் நூலகத்தில் எனக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். சமீபத்தில் வந்த புத்தகங்களைப் பற்றி நான் பேச வேண்டும். நன்றாகத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பேசி முடித்ததும் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து மச்சான் எழுந்தார்.

“கேள்வி இல்லைங்க. மாப்பிள்ளைக்கு வர்ற புத்தகத்தை எல்லாம் நான்தான் முதல்ல படிக்கறேன். அவருக்குப் பிடிச்ச எடத்துல பக்கத்து ஓரமா ஒரு பென்சில் கோடு இருக்கும். எனக்குப் பிடிச்ச எடத்துல காபிக் கறை இருக்கும். ரெண்டும் ஒரே பக்கத்துல வந்துச்சுன்னா, அந்தப் புத்தகத்தைக் கண்ண மூடிட்டு வாங்கலாம்.”

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் பேசியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். முன்வரிசையில் எங்கள் இணைப்பின் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு என்ன படிக்கலாம் என்று கேட்டார்கள். அவர் உதட்டோரத்தில் பிஸ்கட் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

அடுத்த வாரமே ஆசிரியை கூப்பிட்டார். “சார், உங்க மச்சானை உங்க பக்கத்துலயே கட்டம் கட்டி ஒரு சின்னப் பெட்டி எழுதச் சொல்லலாமே. சாதாரண வாசகர் குரல் மாதிரி. வரலாற்றுப் புத்தகத்தை அவர்கிட்ட விட்டுடுங்க, உங்களுக்கும் பாரம் குறையும்.” பெட்டிக்கு ‘டிக்கெட் ப்ளீஸ்’ என்று பெயர் வைத்தார்கள். என் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அந்தப் பெட்டிக்கு வந்த கடிதங்களை அலுவலகத்திலிருந்து கட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பினார்கள். மச்சான் அவற்றையும் நாக்கில் விரல் வைத்துப் பிரித்தார்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளப் போகிறீர்கள். வேண்டாம் மேடம். பொறாமை என்பது இன்னொருவரிடம் இருப்பது நமக்கு வேண்டும் என்று நினைப்பது. அவரிடம் இருந்த எதையும் நான் தொடக்கூட மாட்டேன். இது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்த அறிவியல் புத்தகம் ஆண்டுக் கடைசியில் வந்தது. எழுதியவர் தன்னை முன்னாள் மருத்துவர் என்று சொல்லிக்கொள்கிறார். ஏன் முன்னாள் என்று அட்டையில் போடவில்லை. சர்க்கரை நோய்க்குப் போடும் ஊசிதான் உடம்பைச் சோம்பேறி ஆக்குகிறது, ஊசியை விட்டுவிட்டு எலுமிச்சைத் தண்ணீர் குடித்து வெயிலில் நின்றால் உடம்பு தானாக விழித்துக்கொள்ளும் என்று முன்னூறு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மச்சான்தான் வழக்கம்போல முதலில் படித்தார். மாடிப்படியில் நின்றே சிரித்தார்.

“இதைக் கேளுங்க மாப்பிள்ளை, ஊசிய நிறுத்தணுமாம். எங்க டாக்டர் காதுல விழுந்தா அந்த ஆளைத் தேடிப் போய் அடிப்பாரு.”

பழைய பேப்பர் கட்டின் மேல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். நான் அதை எடுத்து, அட்டையைப் பஞ்சால் துடைத்து, என் மேசையில் வைத்துக்கொண்டேன். அப்போது மனசில் ஒன்றுமில்லை. மறுநாள் தெருமுனை கிளினிக்குக்குப் போய், என் பக்கத்துக்காக என்று சொல்லி, மச்சானைப் பார்க்கும் அந்த டாக்டரிடம் புத்தகத்தைக் காட்டினேன். நாலு பக்கம் புரட்டினார். “குப்பைல போடுங்க சார். உங்க மச்சான் மாதிரி ஊசியிலேயே ஓடற உடம்பு இதை நம்பி நிறுத்தினா, ஒரு வாரம் தாங்காது” என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் உங்களிடம் சொன்னது சரிதான். அவர் அப்படித்தான் சொன்னார். நானும் அதை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைப் படித்து மச்சான் ஏமாறவில்லை. வீட்டில் நான் வாயால் சொல்லியிருந்தாலும் ஏமாந்திருக்க மாட்டார். வேடிக்கை பண்ணாதீங்க மாப்பிள்ளை என்று முதுகில் தட்டிவிட்டுப் போயிருப்பார். அவர் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். அச்சில் வரும் என்னை.

அந்தச் சமயத்தில் மகளுக்குப் பிரசவம் என்று என் மனைவி வெளியூர் போனாள். கிளம்பும்போது அண்ணனுடைய ஊசி மருந்து ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குக் காட்டினாள். “மறந்துடுவாரு, கொஞ்சம் பார்த்துக்கங்க” என்றாள். சரி என்றேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

‘இந்த ஆண்டு தவறவிடக்கூடாத மூன்று’ என்று ஆண்டுச் சிறப்புப் பக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு வாரம் மட்டும் பெட்டி வேண்டாம், முழுப் பக்கத்தையும் நானே எழுதுகிறேன் என்று ஆசிரியையிடம் கேட்டேன். சரி என்றார். வழக்கமாக அறிவியல்தான் முதலில் வரும். அந்த முறை நாவலை முதலில் போட்டேன். கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஒரு பெண்ணின் கதை, மிக அமைதியான எழுத்து. கடைசியில், உப்பு வணிகர்கள் போன பாதைகளைப் பற்றிய வரலாற்று நூல். இரண்டுக்கும் நடுவில் இதை வைத்தேன். நல்ல இரண்டு பேருக்கு நடுவில் நிற்பவனை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்தப் பத்தியை எழுத அதிக நேரம் பிடித்தது. மிகையாகப் புகழ்ந்தால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். கடைசி வரி இப்படி முடிந்தது: ‘ஊசியை இறுகப் பிடித்திருக்கும் விரல்களைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள் என்கிறது இந்தப் புத்தகம். இதை முதலில் என் வீட்டில் இருக்கும் ஒருவருக்குத்தான் சிபாரிசு செய்கிறேன், அவர் இன்னும் நெடுநாள் என் புத்தகங்களில் கறை படிய வைக்க வேண்டும் என்பதற்காக.’

அச்சுக்கு முந்தைய தாளைப் பார்க்கும்போது மற்றவர்களை நினைத்தேனா என்று கேட்டீர்கள். நினைத்தேன். வீடு வீடாகப் போகும் பத்திரிகை அது. அவற்றில் சில வீடுகளிலாவது ஊசி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரே ஒரு பிரதி அடிக்க வழியில்லையே. ஒருவர் நம்ப வேண்டுமென்றால் எல்லாருக்கும் அச்சடிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலின் குறை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் பேப்பரோடு என் அறைக்கு வந்தார். கதவைத் தட்டினார். அதற்கு முன் தட்டியதே இல்லை. கண் கலங்கியிருந்தது. மூக்கு ஒழுகியதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“என்னைத்தானே எழுதியிருக்கீங்க?”

தலையாட்டினேன்.

“உங்களுக்கு என்னைக் கண்டா ஆகாதுன்னு நினைச்சிட்டிருந்தேன் மாப்பிள்ளை. நான்தான் அவசரப்பட்டுச் சிரிச்சுட்டேன், முழுசாப் படிக்கவே இல்லை. நிஜமாவே ஊசிய விட்டுடலாமா?”

“நான் எதையாவது யோசிக்காம எழுதியிருக்கேனா மச்சான்?” என்றேன்.

நன்றாகப் பாருங்கள். அது ஒரு கேள்வி. நான் ஆமாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார், அதற்குப் பின்னால்தான் ஊசி மருந்து இருந்தது. தான் தூக்கிப் போட்ட பழைய பேப்பர் கட்டைக் காட்டிப் புத்தகம் எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். எலுமிச்சைத் தண்ணீரும் வெயிலுமாக மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்தார். முதலில் உற்சாகமாகத்தான் இருந்தார். அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். அப்புறம் படியேற முடியாமல் படுக்கையிலேயே இருந்தார். உடம்பு விழிக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது என்று எனக்குத் தைரியம் சொன்னார்.

அந்த அறையின் நாற்றத்தைச் சொல்ல வேண்டும். அழுகிய பழமும் நகச்சாயமும் கலந்த மாதிரி ஒரு வாடை, அவர் மூச்சிலிருந்து வந்தது. வாந்தி எடுத்தார். நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு விரிப்பை மாற்றினேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அவர் என் கையைத் தள்ளிவிட்டு, “நீங்க போங்க, உங்களுக்கு இதெல்லாம் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். நானே துடைச்சுக்கறேன்” என்றார். துடைக்க அவரால் முடியவில்லை. ஊசி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டதாகவும் ஞாபகம். வார்த்தை குழறியது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவலை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கலங்கரை விளக்கத்தில் அந்தப் பெண் முதல்முதலாக மழையைக் கேட்கும் இடம். அவர் மூச்சு ஆழமாக, தோண்டித் தோண்டி எடுக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. அந்த அத்தியாயம் முடியும்வரை இருந்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

என் மனைவி வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். மருந்து அப்படியே இருந்தது. கதவில் ஒட்டியிருந்ததை வாசித்தாள். பைகளை அவிழ்க்காமலே திரும்பி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி எனக்குக் கோபமில்லை.

இப்போது ஆசிரியையின் போன் விஷயம். நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வருவது தெரிகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன். பக்கம் வெளியான மறுநாள், திங்கட்கிழமை காலையில், அவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் போன் செய்கிறார்களாம். அந்தப் புத்தகம் ஆளைக் கொன்றுவிடும், உடனே மறுப்புப் போடுங்கள் என்கிறார்களாம். “நாளைக்கே முதல் பக்கத்துல போட்டுடலாம் சார், நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுங்க போதும்” என்றார்.

நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். தொழில் கெட்டுவிடும் என்று டாக்டர்கள் கத்துகிறார்கள், நூலாசிரியரிடம் ஆதாரங்களைக் கேட்டிருக்கிறேன், வந்ததும் அடுத்த ஞாயிறு நிதானமாக ஒரு விளக்கம் எழுதுகிறேன், அதுவரை ஒன்றும் போட்டுவிடாதீர்கள், என் பெயர் கெட்டுவிடும் என்றேன். நூலாசிரியரிடம் நான் எதையும் கேட்கவில்லை. ஆசிரியை என்னை நம்பினார். அவரும் அச்சில் வந்த என்னைத்தான் நம்பினார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், மச்சான் தினமும் காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர். செவ்வாய்க்கிழமை மறுப்பு வந்திருந்தால் எழுந்து போய் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். அப்போது அவரால் நடக்க முடிந்தது.

அந்த வாரத்தில்தான் பக்கத்தை நம்பி ஊசியை நிறுத்திய மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்கிறீர்கள். ஒரு தையல்காரம்மா, ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர், ஒரு சிறுமி. வேன் ஓட்டுநர் மட்டும் பிழைத்துக்கொண்டார் என்று கேட்டபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான் கல் நெஞ்சக்காரன் அல்ல.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன நடக்கும் என்று தெரிந்தே எழுதினேன். தெரிந்தே நிறுத்தாமல் விட்டேன்.

அந்தச் சிறுமியின் அம்மா ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். அன்றைய பக்கத்தைக் கையிலேயே மடித்து வைத்திருக்கிறாராம். நான் அவரைப் பார்க்க விரும்பவில்லை, அழுகிற முகத்தை என்னால் பார்க்க முடியாது, மூக்கும் வாயும் ஒன்றாகிவிடும். நீங்கள் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் முழுவதும் பொய் என்று அவர் நினைத்துவிடக்கூடாது. நடுவில் இருப்பது ஒன்றுதான் அப்படி. மற்ற இரண்டும் உண்மையிலேயே நல்ல புத்தகங்கள். தயங்காமல் வாங்கிப் படிக்கலாம்.